ஒரே ஒரு அவுட் பாக்கி: உலக பேஸ்பால் கிளாசிக்கில் ரசிகர்கள் ஏன் அப்படிக் கத்துகிறார்கள்?

2017 மார்ச் 12, மெக்சிகோவின் குவாதலஹாரா பக்கம் சார்ரோஸ் மைதானம். நாட்டு அணிகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக். வெனிசுவேலாவை 11-9 என்று மெக்சிகோ வீழ்த்தியதும் அரங்கமே கொண்டாடியது. இரண்டு ரன் வித்தியாசத்தில் ஜெயித்தால் போதும், மறுநாள் இரண்டாம் இடத்துக்கான டை-பிரேக்கர் (சமநிலையை முறிக்கும்) ஆட்டத்துக்குப் போய்விடலாம் என்பதுதான் எல்லோரும் நம்பியிருந்த கணக்கு. பிறகு அறிவிப்பு வந்தது. டை-பிரேக்கரில் ஆடப்போவது இத்தாலியும் வெனிசுவேலாவும். ஜெயித்தவர்கள் வெளியே, தோற்றவர்கள் உள்ளே.

அன்று சமூக ஊடகங்களில் கொட்டிய கோபத்தில் பாதிக்கு மேல் 'மோசடி', 'சதி' என்றுதான் இருந்தது. சதி எதுவும் இல்லை. விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது, அதை யாரும் கடைசிவரை படிக்கவில்லை. இந்தப் போட்டியில் ரசிகர்கள் கொதிப்பதையும் குதிப்பதையும் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலும் அடியில் ஒரு விதியோ, அந்த ஊர் மைதானப் பழக்கமோ இருக்கும். அது தெரியாவிட்டால் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும்.

முதலில் அந்த மெக்சிகோ கணக்கை முடித்துவிடலாம், ஏனென்றால் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்தப் பிரிவில் நான்கு அணிகள். போர்ட்டோ ரிக்கோ மூன்றிலும் ஜெயித்துத் தனியாக மேலே போய்விட்டது. மற்ற மூன்றும் தலா ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. டை-பிரேக்கர் ஆட்டத்துக்கு மூன்றில் இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விதி இதுதான்: சமநிலையில் இருக்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடு; ஒவ்வோர் அணியும் விட்டுக்கொடுத்த ரன்களை, அது ஃபீல்டிங் செய்த இன்னிங்ஸ் எண்ணிக்கையால் வகு; குறைந்த எண் உள்ள அணி மேலே. (பேஸ்பாலில் மூன்று அவுட் விழுந்தால் ஒரு இன்னிங்ஸ் முடியும்; ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ்.)

இத்தாலி: மெக்சிகோவிடம் 9, வெனிசுவேலாவிடம் 11, மொத்தம் 20 ரன். ஃபீல்டிங் 19 இன்னிங்ஸ் (வெனிசுவேலா ஆட்டம் 10 இன்னிங்ஸ் போனது). 20-ஐ 19-ஆல் வகுத்தால் 1.05.

வெனிசுவேலா: இத்தாலியிடம் 10, மெக்சிகோவிடம் 11, மொத்தம் 21. ஃபீல்டிங் 19 இன்னிங்ஸ். 1.11.

மெக்சிகோ: இத்தாலியிடம் 10, வெனிசுவேலாவிடம் 9, மொத்தம் 19. மூன்று அணிகளில் இவர்கள்தான் குறைந்த ரன் கொடுத்தவர்கள். ஆனால் ஃபீல்டிங் 18 இன்னிங்ஸ் இல்லை, 17. வகுத்தால் 1.12.

அந்த ஒரு இன்னிங்ஸ் எங்கே போயிற்று? மூன்று நாள் முன்பு, மார்ச் 9 அன்று, இத்தாலிக்கு எதிராக 9-5 என்று முன்னிலையோடு கடைசி இன்னிங்ஸுக்கு மெக்சிகோ வந்தது. ஒரு அவுட்கூட எடுக்காமல் வரிசையாக ஐந்து ரன் கொடுத்து 10-9 என்று தோற்றது. அவுட் எதுவும் எடுக்காத இன்னிங்ஸ் கணக்கில் பூஜ்யம். ரன் ஐந்தும் மேலே ஏறிக்கொண்டது, கீழே வகுக்கும் எண் ஏறவில்லை. அந்த இன்னிங்ஸில் ஒரே ஒரு பேட்டரை அவுட் ஆக்கிவிட்டுத் தோற்றிருந்தால்கூட 19-ஐ 17⅓-ஆல் வகுக்க வேண்டும், 1.096 வரும். வெனிசுவேலாவின் 1.105-ஐ முந்தியிருப்பார்கள். ஆக, மெக்சிகோ ரசிகர்கள் கொதித்திருக்க வேண்டிய நாள் 12-ஆம் தேதி இல்லை, 9-ஆம் தேதி. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

கிரிக்கெட் பார்ப்பவர்கள் நெட் ரன் ரேட் நினைப்பில் இங்கே வந்தால் கண்டிப்பாகத் தடுக்கி விழுவார்கள். நெட் ரன் ரேட்டில் அடித்த ரன்னும் சேரும். இங்கே அடித்த ரன்னுக்கு மதிப்பே கிடையாது, கொடுத்த ரன் மட்டும்தான். 15 ரன் அடித்தாலும் 5 ரன் அடித்தாலும் டை-பிரேக்கருக்கு ஒன்றுதான். 2023-ல் வகுக்கும் எண்ணை இன்னிங்ஸிலிருந்து அவுட்டுக்கு மாற்றினார்கள். இன்னிங்ஸில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று கணக்குப் பார்க்கும் தொல்லை அதோடு ஒழிந்தது. அதே ஆண்டு தைவானின் தைச்சுங்கில் நடந்த ஏ பிரிவு, இந்த விதியைப் படிக்கவென்றே யாரோ தயாரித்த பாடம் போல இருந்தது. கியூபா, இத்தாலி, நெதர்லாந்து, பனாமா, சீன தைபே (தைவான் அணி) என்று ஐந்து அணிகள். ஐந்துமே இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி.

கொடுத்த ரன்கள்: கியூபா 15, இத்தாலி 17, நெதர்லாந்து 19, பனாமா 21, சீன தைபே 31. எடுத்த அவுட்களால் வகுத்தால் கியூபா 0.139, இத்தாலி 0.157, நெதர்லாந்து 0.186, பனாமா 0.206, சீன தைபே 0.295. முதல் இரண்டும் காலிறுதிக்கு. சொந்த மண்ணில் விளையாடிய அணி கடைசி இடம். உள்ளூர் ரசிகர்கள் நான்கு நாளும் தொண்டை கிழியக் கத்தியும், முதல் ஆட்டத்திலேயே பனாமாவுக்கு 12 ரன் கொடுத்த ஓட்டையை அடைக்க முடியவில்லை. இத்தாலியை 11-7, நெதர்லாந்தை 9-5 என்று ஜெயித்தார்கள், ஆனால் ஜெயித்த இரண்டிலும் சேர்த்து 12 ரன் விட்டார்கள். அந்த வெற்றிகளே காலை வாரின.

நெதர்லாந்தின் கதைதான் இன்னும் வலிக்கும். கடைசி ஆட்டத்தில் இத்தாலியிடம் 1-7 என்று தோற்றார்கள். அதற்கு முன்பு மூன்று ஆட்டங்களில் கொடுத்தது 12 ரன்தான். இத்தாலியை 4 ரன்னில் நிறுத்திவிட்டுத் தோற்றிருந்தால் 16-ஐ 102 அவுட்டால் வகுத்து 0.1569, இத்தாலிக்கு 17-ஐ 108-ஆல் வகுத்து 0.1574. மயிரிழையில் உள்ளே. 1-4 என்றால் தோற்றும் காலிறுதி, 1-5 என்றால் வீடு. அந்த ஆட்டத்தில் நாலாவது ரன்னுக்கும் ஐந்தாவது ரன்னுக்கும் இடையில்தான் எல்லாமே இருந்தது.

இதை வீட்டிலிருந்தே போட்டுப் பார்க்க ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும். வெற்றி எண்ணிக்கை சமமான அணிகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டே அணி என்றால் அவர்களுக்குள் யார் ஜெயித்தார்கள் என்பதோடு முடிந்தது. மூன்றோ அதற்கு மேலோ இருந்து, ஒருவரை ஒருவர் சுற்றி வளைத்துத் தோற்கடித்திருந்தால்தான் வகுத்தல். பலரும் இங்கேதான் பிசகுகிறார்கள்: சமநிலையில் இல்லாத அணியோடு ஆடியதையும் சேர்த்துவிடுகிறார்கள். அடுத்த தப்பு, ஆட்டத்துக்கு 27 அவுட் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது. இரண்டாவதாக பேட் செய்யும் அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸில் அது பேட் பிடிக்காது. அதனால் தோற்கும் எதிரணிக்குக் கிடைப்பது 24 அவுட்தான். ரன் எடுக்க ஓட்டக்காரர் சுற்றிவர வேண்டிய நான்கு முனைகள்தான் பேஸ். பத்தாவது இன்னிங்ஸ் போனால் இரண்டாவது பேஸில் சும்மா ஒரு ஓட்டக்காரரை நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள் அல்லவா, அவர் சுற்றி முடித்தாலும் அது கொடுத்த ரன்தான், கணக்கில் சேரும். இவ்வளவுக்குப் பிறகும் சமம் என்றால் பிட்சரின் (பந்து வீசுபவரின்) பொறுப்பில் வந்த ரன்கள், பிறகு பேட்டிங் சராசரி, கடைசியில் சீட்டுக் குலுக்கல்.

கணக்கு சரியாகத் தெரிந்த கூட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு அதே தைச்சுங் மைதானம், 2013 மார்ச் 5. அப்போது அடித்த ரன், கொடுத்த ரன் இரண்டையும் வைத்து வித்தியாசம் பார்க்கும் முறை. தைவான் நெதர்லாந்தை ஐந்து ரன்னில் ஜெயித்திருந்தது, நெதர்லாந்து கொரியாவை ஐந்து ரன்னில். எனவே கொரியா உள்ளே வர தைவானை ஆறு ரன்னிலாவது ஜெயிக்க வேண்டும். எட்டாவது இன்னிங்ஸில் காங் ஜங்-ஹோ இரண்டு ரன் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது) அடித்து 3-2 என்று கொரியாவை முன்னே கொண்டுவந்தார். ஆட்டம் அப்படியே முடிந்தது. ஜெயித்த கொரியா ஊருக்குக் கிளம்பியது, தோற்ற தைவான் டோக்கியோவுக்கு. தோற்றுவிட்டு மைதானம் முழுக்கக் கொண்டாடுவதைத் திடீரென்று சேனல் மாற்றி வந்தவர் பார்த்தால் தலை சுற்றியிருக்கும்.

அதே வாரம் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் இந்த விதி அடிதடியில் முடிந்தது. மார்ச் 9, கனடா - மெக்சிகோ. ஒன்பதாவது இன்னிங்ஸில் கனடா 9-3 முன்னிலை. அந்த நிலையில் கனடாவின் கிறிஸ் ராபின்சன் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடி முதல் பேஸைப் பிடித்தார். அதற்குப் பெயர் பண்ட். பேஸ்பாலில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: ஆட்டம் கையில் வந்த பிறகு எதிரியை இப்படிச் சீண்டக் கூடாது. மெக்சிகோ பிட்சர் அர்னால்ட் லியோன் அடுத்த பேட்டரின் உடம்பை ஒட்டி இரண்டு பந்து வீசினார், அம்பயர் எச்சரித்தார், மூன்றாவது பந்து முதுகில். வீரர்கள் உட்காரும் டக்அவுட் இரண்டும் காலி. எல்லோரும் மைதானத்துக்குள் கைகலப்பு. கேலரியிலிருந்து பறந்த தண்ணீர் பாட்டில் கனடா பயிற்சியாளர் முகத்தில் பட்டது. ஏழு பேர் வெளியேற்றப்பட்டார்கள்.

ஆனால் கனடா தரப்பில் ஒரு நியாயம் இருந்தது. ரன் வித்தியாசம் டை-பிரேக்கரில் வரும் என்றால் ஆறு ரன் வித்தியாசத்தை ஏழு, எட்டு என்று கூட்டுவதும் தேவைதான். எழுதிய விதி 'அடி' என்றது, எழுதாத விதி 'நிறுத்து' என்றது. நடுவில் பாவம் அந்தப் பேட்டர் முதுகு. அடித்த ரன்னைக் கணக்கிலிருந்து தூக்கியது நல்லது என்பதே என் கட்சி. மெக்சிகோவுக்கு 2017-ல் நடந்ததை வைத்தும் அதில் மாற்றம் இல்லை.

கணக்கை விட்டுச் சத்தத்துக்கு வருவோம். டிவியில் டோக்கியோ டோம் ஆட்டத்தையும் மயாமி ஆட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எது எது என்று சொல்லிவிடலாம். ஜப்பானில் 'ஓஎண்டான்' என்ற அமைப்பான ஆதரவுக் குழுக்கள் உண்டு. ட்ரம்பெட், பெரிய முரசு, ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு. தங்கள் அணி பேட் பிடிக்கும்போது மட்டும் பாட்டு நிற்காமல் ஓடும். ஃபீல்டிங் வந்ததும் பெரும்பாலும் அமைதி, நல்ல பந்துக்குக் கைதட்டல், அவ்வளவுதான். இதைத் தெரியாத வெளிநாட்டு ரசிகர்கள் 'ஜப்பான்காரர்கள் தூங்கிவிட்டார்களா' என்று எழுதுவதை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம். தூங்கவில்லை, முறை மாறியிருக்கிறது, அவ்வளவே. பாட்டின் வேகம் கூடினால் ஆட்கள் பேஸில் நிற்கிறார்கள், ரன் வரும் வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஸ்கோரைப் பார்க்காமலேயே இதைப் பிடிக்கலாம்.

கொரியாவில் மேடையில் நின்று கூட்டத்தை நடத்த ஒரு தலைவர் இருப்பார், கூடவே நடனக் குழு, காற்றடைத்த பிளாஸ்டிக் தடிகளைத் தட்டும் சத்தம். தைவானும் அதே வழிதான், இன்னும் கொஞ்சம் உரத்து. கரீபியன் பக்கம் போனால் ஒழுங்கும் இல்லை, ஓய்வும் இல்லை. டொமினிகன் ரசிகர்கள் தம்போரா முரசும், உலோகத்தில் உரசி வாசிக்கும் கூய்ராவும் கொண்டுவருவார்கள். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் பாண்டேரோ என்ற கைப்பறையும் மாட்டுமணியும். பேட்டிங், ஃபீல்டிங் என்று பேதம் கிடையாது, ஒவ்வொரு பந்துக்கும் இடையில் வாசிப்பு. அமெரிக்க ரசிகர் பழக்கம் இதற்கெல்லாம் எதிர்ப்பக்கம்: உட்கார்ந்து பார்ப்பார், இரண்டு ஸ்ட்ரைக் விழுந்ததும் (மூன்று விழுந்தால் பேட்டர் அவுட்) எழுந்து நின்று தட்டுவார். அமெரிக்காவின் மேஜர் லீக் ஆட்டங்களிலேயே ஊறியவர்கள் இந்தப் போட்டிக்கு வந்துவிட்டு 'இதுவரை கேட்டதே இல்லை' என்று வியப்பது அதனால்தான்.

டோக்கியோ டோமில் 2023-ல் நடந்த இரண்டு காட்சிகளைச் சொல்ல வேண்டும். மார்ச் 12, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, பேட்டிங், பந்துவீச்சு இரண்டும் செய்யும் ஜப்பான் நட்சத்திரம் ஓடானி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். பந்து போய் இடித்தது அவருடைய படமே இருந்த விளம்பரப் பலகையில். பந்தைப் பிடித்த பெண், அதைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கொடுத்தார். ஆளாளுக்குக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு நீட்ட, வரிசை வரிசையாகச் சுற்றிவிட்டுப் பந்து திரும்ப அவர் கைக்கே வந்து சேர்ந்தது. ஏலத்தில் என்ன விலை போகும் என்று மற்ற நாட்டு ரசிகர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள் செக் குடியரசு ஆட்டம். அந்த அணியில் பெரும்பாலோர் வேறு வேலை பார்ப்பவர்கள். மேலாளர் பாவெல் கடிம் நரம்பியல் மருத்துவர். எலக்ட்ரீஷியனான ஒண்ட்ரே சடோரியா, மணிக்கு சுமார் 115 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவான பந்தைப் போட்டு ஓடானியை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். ஜப்பான் ரசிகர்களே கைதட்டினார்கள். அதே ஆட்டத்தில் ஜப்பான் பிட்சர் ரோகி சசாகி வீசிய 162 கிலோமீட்டர் பந்து செக் வீரர் வில்லி எஸ்கலாவின் முழங்காலில் பட்டது. தரையில் சுருண்டவர் எழுந்து, வலது பக்கக் கோட்டோரம் ஒரு ஓட்டம் ஓடி 'ஒன்றுமில்லை' என்று காட்டியதும் அரங்கமே ஆர்ப்பரித்தது. பிறகு சசாகி இரண்டு பை நிறைய மிட்டாயோடு செக் அணி தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனார். ஜப்பான் 10-2 என்று ஜெயித்த ஆட்டம் அது. ஸ்கோரை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்? மிட்டாய்ப் பை மறக்காது.

ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு சைகை வந்து ஒட்டிக்கொள்ளும். 2013-ல் டொமினிகன் பிட்சர் ஃபெர்னாண்டோ ரோட்னி கையில் வாழைக்காயோடு திரிந்தார். எட்டு ஆட்டமும் ஜெயித்துக் கோப்பை வாங்கிய பிறகு அதை ராசி இல்லை என்று யார் சொல்வது? 2017-ல் போர்ட்டோ ரிக்கோ வீரர்கள் தலைமுடிக்கு மஞ்சள் சாயம் பூசினார்கள். தீவில் ஆண்களெல்லாம் பின்பற்ற, கடைகளில் சாயம் தீர்ந்துபோனது. 2023-ல் ஜப்பானில் மிளகு அரைக்கும் சைகை. அம்மா வழியில் ஜப்பானியரான லார்ஸ் நூட்பார் ஒவ்வொரு முறை பேஸுக்குப் போனதும் இரண்டு கையாலும் மிளகுக் குப்பியைத் திருகுவது போலக் காட்டுவார். ஆங்கிலத்தில் 'அரைப்பது' என்ற சொல்லுக்கு விடாமல் பாடுபடுவது என்றும் பொருள். கேலரியில் நிஜ மிளகுக் குப்பிகளே வந்துவிட்டன. இதன் சூடு ஆறுவதற்குள், பள்ளி அணிகளுக்கான கோஷியென் வசந்தகாலப் போட்டியில் தொஹோகு உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் அதே சைகையைச் செய்தார். எதிரணி ஃபீல்டர் தவறவிட்ட பந்தில் அவர் பேஸுக்குப் போயிருந்தார். முதல் பேஸ் அம்பயர் கண்டித்தார். பள்ளி பேஸ்பாலில் எதிராளி தடுமாறியதைக் கொண்டாடுவது மரியாதையில்லை என்பது ஒரு பக்கம், பையன்கள் கொஞ்சம் சிரிக்கட்டுமே என்பது மறுபக்கம். சில நாள் நாடே விவாதித்தது. தேசிய அணியில் இருந்த யூ தர்விஷ் படித்ததும் அதே பள்ளிதான்.

சைகைகளில் கனமானது 2024 நவம்பர் 24-ல் வந்தது. அது வேறு போட்டி, பிரீமியர்12. ஆனால் இங்கே சொல்லாமல் விட முடியாது. டோக்கியோ டோமில் இறுதி ஆட்டம், சர்வதேச ஆட்டங்களில் தொடர்ந்து 27 வெற்றி கண்டிருந்த ஜப்பானுக்கு எதிராகத் தைவான் கேப்டன் சென் சியே-ஷியென் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். பேஸ்களைச் சுற்றி ஓடும்போது இரண்டு கையாலும் தன் மார்பின் குறுக்கே ஒரு சட்டம் போலக் காட்டினார். வேறு நாட்டு ஜெர்சிகளில் நாட்டின் பெயர் இருக்கும் இடம் அது. சர்வதேச விளையாட்டில் தைவான் 'சீன தைபே' என்ற பெயரில்தான் ஆட வேண்டும். வெற்று மார்பைக் காட்டியதன் பொருள் தைவானில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 4-0 என்று ஜெயித்து ஊர் திரும்பியபோது அணியின் விமானத்துக்குப் போர் விமானங்கள் துணைக்கு வந்தன. 500 தைவான் டாலர் நோட்டில் பேஸ்பால் சிறுவர்கள் துள்ளும் படம் போட்டிருக்கும் நாடு அது.

மயாமியில் 2023 அரையிறுதி வேறு விதமான சத்தம். அமெரிக்கா - கியூபா. கியூபாவிலிருந்து வெளியேறியவர்கள் ஏராளமாக வாழும் நகரம். கேலரியில் அரசியல் கோஷங்களும் பதாகைகளும், ஆட்டத்தின் நடுவே மூன்று முறை ஆட்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். 14-2 என்று அமெரிக்கா ஜெயித்தது. அங்கே கத்தியவர்களில் பலர் சொந்த ஊர் அணியைத்தான் எதிர்த்துக் கத்தினார்கள், அதை வெறும் விளையாட்டு வெறியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

ரசிகர்கள் ஓயாமல் குறைபட்டுக்கொள்ளும் இன்னொன்று: 'நன்றாகத்தானே வீசுகிறார், ஏன் தூக்கினார்கள்?' பந்து எண்ணிக்கை வரம்புதான் காரணம். 2023-ல் முதல் சுற்றில் ஒரு பிட்சருக்கு 65 பந்து, காலிறுதியில் 80, அரையிறுதியிலும் இறுதியிலும் 95. நடுவில் ஒரு பேட்டர் இருக்கும்போது வரம்பு வந்தால் அவரை மட்டும் முடித்துக்கொள்ளலாம். இதைவிட முக்கியம் ஓய்வு விதி: 50 பந்தைத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு, 30-ஐத் தொட்டால் ஒரு நாள், தொடர்ந்து இரண்டு நாள் வீசினால் அடுத்த நாள் கிடையாது. அதனால் மேலாளர்களின் கண் 29-லும் 49-லும்தான் இருக்கும். திரையில் பந்து எண்ணிக்கை 45-ஐத் தாண்டும்போது பயிற்சியாளர் எழுந்து நடக்க ஆரம்பித்தால், அவர் நாளைக்கு அல்ல, மூன்று நாள் கழித்து வரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேஜர் லீக் கிளப்புகள் தங்கள் பிட்சர்களை மார்ச் மாதம் அனுப்பிவைக்க ஒப்புக்கொள்வதே இந்த வேலிகள் இருப்பதால்தான்.

கிளப் ரசிகருக்கும் நாட்டு ரசிகருக்கும் ஆகாது என்பதும் இங்கேதான் வெளிப்படும். 2023 மார்ச் 15, டொமினிகன் குடியரசை 5-2 என்று வீழ்த்திய போர்ட்டோ ரிக்கோ வீரர்கள் மைதானத்தில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் எட்வின் டியாஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆட்டத்தைக் கடைசி இன்னிங்ஸில் முடித்துவைக்கும் பிட்சர்; நியூயார்க் மெட்ஸ் அணியுடன் ஐந்து ஆண்டுக்கு 10.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தவர். அந்த சீசன் முழுக்கப் போயிற்று. சில நாளில் வெனிசுவேலாவின் ஹோசே அல்டூவேவுக்குப் பந்து பட்டுக் கட்டைவிரல் உடைந்தது. நியூயார்க்கில் 'இந்தப் போட்டியே வேண்டாம்' என்று ஒரு கூட்டம்; போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் அதைக் கேட்டுக் கொதித்த ஒரு கூட்டம். டியாஸுக்குக் காயம் பட்டது வீசும்போது அல்ல, கொண்டாடும்போது; அதற்கு எந்தப் பந்து வரம்பும் உதவாது. சம்பளத்தைக் காப்பீடு பார்த்துக்கொண்டது. ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸில் மவுண்டுக்கு (பந்து வீசும் மேட்டுக்கு) வர ஆள் இல்லாததைக் காப்பீடு என்ன செய்யும்? அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது, ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த ஓய்வு விதியோடு 2023 இறுதி ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். ஓடானி காலிறுதியில் இத்தாலிக்கு எதிராக மார்ச் 16-ல் 71 பந்து வீசினார். நான்கு நாள் ஓய்வு: 17, 18, 19, 20. அமெரிக்காவுக்கு எதிரான இறுதி ஆட்டம் மயாமியில் மார்ச் 21. சரியாகக் கணக்குத் தீர்ந்த நாள். அன்று முழு ஆட்டமும் பேட்டராக இருந்தவர், தன் முறை இல்லாத நேரத்தில் இடது பக்கம் இருந்த பயிற்சிப் பகுதிக்கு நடந்து நடந்து போனார். அதைப் பார்த்ததுமே ஜப்பான் ரசிகர்கள் எழுந்துவிட்டார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், 3-2 என்று ஜப்பான் முன்னிலை. மண் படிந்த பேன்ட்டோடு மவுண்டில் ஏறினார். முதல் பேட்டருக்கு வாக்: நான்கு 'பால்' (ஸ்ட்ரைக் ஆகாத பந்து) போனதால் சும்மாவே முதல் பேஸ். அடுத்து மூக்கி பெட்ஸ் அடித்த பந்தில் இரட்டை அவுட். இப்போது மைக் ட்ரவுட், அன்றைக்கு ஏஞ்சல்ஸ் கிளப்பில் ஓடானியின் சக வீரராக இருந்தவர்.

முதல் பந்து வளைந்து கீழே, பால். இரண்டாவது 100 மைல் வேகம், ட்ரவுட் சுழற்றினார், படவில்லை. மூன்றாவது வெளியே. நான்காவது மறுபடி 100 மைல், மறுபடி காற்று. அரங்கில் 36,098 பேர், உட்கார்ந்திருந்தவர் யாரும் இல்லை. ஐந்தாவது அதைவிட வேகமாக வந்து தாழ்ந்துபோனது. மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். ஆறாவது 87 மைலில் கிளம்பி, பேட்டின் முனையைத் தாண்டிப் பக்கவாட்டில் வழுக்கிப் போனது. ஓடானி கையுறையையும் தொப்பியையும் வீசினார். ஜப்பானில் அது புதன்கிழமை, மதியம் இன்னும் ஆகவில்லை. வேலை நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கிய அந்த ஒளிபரப்பை 40 சதவீதத்துக்கு மேற்பட்ட வீடுகள் பார்த்திருந்தன. டோக்கியோ தெருக்களில் செய்தித்தாள்களின் சிறப்புப் பதிப்பு வந்து இறங்கியபோது, ஆட்டத்தை முழுக்கப் பார்த்துவிட்டவர்களே அந்த ஒற்றைத் தாளுக்காக முண்டியடித்தார்கள்.